சமையலறையில் தூங்கும் பேட்டரி

அரைநிமிஷம் என்கிற ரொட்டி வண்டிக்காரர் வண்டியை நிறுத்தவில்லை. அதுவாகத்தான் நின்றது. பாலத்து ஏற்றத்தில் பாதிக்கு மேல் ஏறி, அந்தப் பக்கத்து இறக்கம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு நின்றது. மழை வேறு பிடித்துக்கொண்டது. பின்னால் ட்ரே ட்ரேயாக அடுக்கியிருந்த ரொட்டி சூடு ஆறாமல் கதவிடுக்கு வழியே வாசனையை விட்டுக்கொண்டிருந்தது. அந்த வாசனைக்குக் காக்கைகள் வந்து பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வரிசையாக உட்கார்ந்தன. ஒவ்வொரு முறையும் அதே காக்கைகள்தான் வருகின்றன என்றும், இந்த முறை வண்டி நிற்பதற்கு முன்பே வந்து இடம் பிடித்திருந்தன என்றும் அவர் பிறகு வீட்டில் சொன்னார். அவர் மனைவி நம்பினாள். காக்கைக்குத் தெரிகிற அளவுக்கு விஷயம் முற்றிவிட்டது என்பதுதான் அவளுடைய கவலை.

வழக்கப்படி வண்டியைப் பின்னால் உருட்டிச் சமதரைக்குக் கொண்டுவந்து சாவியைத் திருப்பினார். ஒன்றுமே நடக்காதது போல இஞ்சின் ஓடியது. ரொட்டி கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைக்காரர்கள் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

அரைநிமிஷம் என்பது ஊர் வைத்த பெயர். எதைக் கேட்டாலும் "அரை நிமிஷம், வந்துட்டேன்" என்பார். அதே அரை நிமிஷம் அவரை ஓரிடத்தில் உட்கார வைக்க இதுவரை யாராலும் முடிந்ததில்லை. சலூன்காரர் அவருக்கு நடந்துகொண்டே முடி வெட்டப் பழகியிருந்தார்; தெருமுனை வரை போய்த் திரும்பினால் ஒரு பக்கம் முடிந்திருக்கும். கல்யாணப் படத்தில் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு தோள்பட்டை படத்தைவிட்டு வெளியேறிக்கொண்டிருக்கிறது. இப்படிப்பட்டவருக்கு ரொட்டி வண்டி ஓட்டுவதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது. கடைக்குக் கடை குதித்து இறங்கி, ட்ரேயை வைத்து, காலி ட்ரேயைத் தூக்கி, மறுபடி ஏறி. அந்த லைன்தான் அவருக்குச் சோறும் மருந்தும்.

அன்று பேக்கரிக்குத் திரும்பியபோது சூப்பர்வைசர் அடுப்புக்கூடத்து வாசலிலேயே நின்றிருந்தார்.

"மறுபடியும் நின்னுச்சா?"

"நிக்கல சார். கொஞ்சம் யோசிச்சுது."

"இந்த வாரம் ரொம்ப யோசிக்குதே."

"மழைக்காலம் சார்."

"மழை எல்லா வண்டிக்கும்தான் பெய்யுது." சூப்பர்வைசர் குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "நாளைக்குப் புதுவண்டிக்காரனை உனக்குப் பின்னாடியே அனுப்புறேன். உன் வண்டி ஓடினா அவன் சும்மா வருவான். நின்னா ரொட்டிய அவன் வண்டிக்கு மாத்திடணும். அதோட லைனும் அவனுக்கு. எனக்கு உன்மேல கோவம் ஒண்ணுமில்ல, புரியுதா?"

புரிந்தது. லைன் போனால் என்ன ஆகும் என்பதும் ஏற்கெனவே தீர்மானமாகியிருந்தது. மனைவியின் தம்பி, வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறவன், அக்கா குடும்பத்தின் மேல் உள்ள அக்கறையில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் காவலாளி வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். கண்ணாடிக் கூண்டு, மின்விசிறி, நாற்காலி. காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைக்கும்போது எழுந்திருக்கலாம்.

"மழை படாது, வெயில் படாது. கொடுத்து வெச்சவங்களுக்குத்தான் கெடைக்கும்," என்றாள் மனைவி, ஈரச்சட்டையை வாங்கிக்கொண்டே.

"போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"எப்படி இருக்கு?"

"நாற்காலியத் தரையோட போல்ட் போட்டு முடுக்கியிருக்கான்."

"அதெதுக்கு?"

"முன்னாடி இருந்த ஆளு ஒரு நாள் எந்திரிச்சு ஓடினானாம். போறப்ப நாற்காலியையும் தூக்கிட்டுப் போயிட்டானாம்."

அவள் சிரிக்கவில்லை. அவர் அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தார். அந்த நாற்காலியை நினைக்கும்போதெல்லாம் நடை வேகமானது. செத்துப்போனால்கூட நாலு பேர் தூக்கிக்கொண்டு நடப்பார்கள் என்ற ஆறுதல் உண்டு. இதில் அதுவும் இல்லை.

பேட்டரி வழக்கமான இடத்தில் இருந்தது. அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பல வருஷங்களுக்கு முன்பு யாரோ வண்டியிலிருந்து பேட்டரியைத் திருடிக்கொண்டு போனார்கள். புது பேட்டரி வாங்கிய நாளிலிருந்து, வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே அதைத்தான் கழற்றுவார். குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிவந்து, சமையலறை மூலையில் ஒரு பலகைமேல் வைத்து, குளிர்ந்தால் வலு குறையும் என்று பழைய கம்பளியால் போர்த்துவார். வீட்டில் நிம்மதியாகத் தூங்குகிற ஒரே ஜீவன் அதுதான். குளிர்காலத்தில் அது லேசாகக் குறட்டை விடும் என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள்.

"எனக்கு ஒரு நாளாவது இப்படிப் போர்த்தி விட்டிருக்கீங்களா?" என்று மனைவி ஒருமுறை கேட்டாள்.

"உன்னை எவன் திருடப் போறான்?" என்றார் அவர்.

அந்தப் பதிலை அவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

மச்சினன் இந்த மழை தொடங்கியதிலிருந்து தன் கடையைச் சாத்திவிட்டுச் சாயங்காலங்களில் வந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தான். முதல் நாள் கையடக்கமான ஒரு ஸ்கேனரைக் கொண்டுவந்தான். செருகினால் இஞ்சினுக்கு என்ன கோளாறு என்று எழுத்தில் காட்டுமாம். செருக இடமில்லை. வண்டி அந்த மாதிரிச் செருகுமிடம் பிறப்பதற்கு முன்பே பிறந்தது.

"இது அந்தக் காலத்து வண்டி மாமா. எழுதிக் காட்டாது. கண்ணடிச்சுத்தான் சொல்லும்," என்றான். பானெட்டுக்கு அடியில் மூடிபோட்ட ஒரு கறுப்புப் பெட்டி. அதில் வரிசையாகத் துளைகள். இரண்டு துளைகளை ஒரு கம்பியால் இணைத்துவிட்டுச் சாவியைப் போட்டால், டேஷ்போர்டில் இருக்கிற இஞ்சின் விளக்கு சிமிட்டும். முதலில் சிமிட்டுவது பத்தின் இடம். ஒரு இடைவெளி. அப்புறம் சிமிட்டுவது ஒன்றின் இடம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு எண். அந்த எண்ணுக்கு ஒரு நோய்.

அக்காவின் கொண்டை ஊசியை வாங்கி மாட்டினான். விளக்கு இடைவெளியே இல்லாமல் டக்டக்கென்று ஒரே சீராகச் சிமிட்டியது.

"இதுக்கு என்ன அர்த்தம்?"

"ஒரு கொறையும் இல்லைன்னு அர்த்தம்."

"பாலத்துல நிக்குதேடா."

"வண்டி நிக்குதுன்னு நீங்க சொல்றீங்க. ஒண்ணுமில்லைன்னு அது சொல்லுது. ரெண்டு பேர்ல யாரோ ஒருத்தர் பொய் சொல்றீங்க. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

ஸ்பார்க் ப்ளக்கை மாற்றினார்கள், ஃபில்டரை மாற்றினார்கள், பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். காலையில் பாலத்தில் நிற்கும். சாயங்காலம் விளக்கு தெய்வமே என்று சிமிட்டும். மச்சினன் பேச்சில் கொஞ்சம் கொஞ்சமாக, ஓட்டுகிற ஆளை மாற்றினால் சரியாகிவிடும் என்கிற தொனி வந்துவிட்டது.

அன்று மழையில் கடைக்கு யாரும் வராததால் அவன் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்தான். அரைநிமிஷம் வீட்டில் இல்லை. தீப்பெட்டி வாங்கப் போயிருந்தார். வீட்டில் தீப்பெட்டி இருந்தது. நடக்க ஒரு காரணம் வேண்டியிருந்தது.

மச்சினன் சமையலறையில் டீயை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். மூலையில் கம்பளியைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான்.

"யாருக்கா உடம்பு சரியில்ல?"

"பேட்டரி."

அவன் டீயை உறிஞ்சுவதை நிறுத்தினான். "எந்த பேட்டரி?"

"வண்டி பேட்டரிதான். வேற எதை உங்க மாமா இப்படித் தாங்குவாரு?"

"இது எதுக்கு இங்க படுத்திருக்கு?"

"தெனமும் இங்கதாண்டா படுக்கும். வந்ததும் வராததுமா கழட்டிட்டு வந்துடுவாரு. உனக்குத் தெரியாதா?"

"நான் வர்றப்பல்லாம் வண்டியில மாட்டியிருக்குமே அக்கா."

"உன் பைக் சத்தம் தெருமுனையில கேட்டா இதைத் தூக்கிட்டு ஓடுவாரு. மச்சானைக் காக்க வெக்கக் கூடாதாம். மரியாதை."

மச்சினன் டம்ளரைத் தரையில் வைத்தான். கம்பளியை விலக்கிப் பார்த்தான். பேட்டரியேதான். நெற்றியில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சத்தமே இல்லாமல் குலுங்கினான். அழுகிறானா சிரிக்கிறானா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"அக்கா, பேட்டரியக் கழட்டினா வண்டிக்கு எல்லாம் மறந்து போயிடும். பாலத்துல காலையில என்ன நடந்துச்சுன்னு அது ஒழுங்கா ஞாபகம் வெச்சிருந்திருக்கு. இவரு வீட்டுக்கு வந்து மொத்தத்தையும் தொடச்சு வெச்சிட்டு, என்னைக் கூப்பிட்டுப் படிடாங்கறாரு. நானும் தெனம் வெறும் செவத்தைப் படிச்சிட்டுப் போறேன்."

"கழட்டினா எல்லாமே மறந்துடுமா?"

"எல்லாமே."

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கும் அப்படி ஒண்ணு வெச்சுப் படைச்சிருக்கலாம். கல்யாணமான மறுநாளே கழட்டிப் போட்டிருப்பேன்."

அரைநிமிஷம் தீப்பெட்டியோடு உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் வாசலுக்கு இரண்டு தடவை போய்வந்தார்.

"ஆக, தப்பு என்னோடதுங்கற."

"தப்புன்னு நான் சொல்லல மாமா. நிக்கிற எடத்துல, நிக்கிற நேரத்துல படிக்கணும்னு சொல்றேன். நாளைக்கு நான் கூட வர்றேன்."

"நானும் வர்றேன்," என்றாள் மனைவி.

"நீ எதுக்கு?"

"கொண்டை ஊசி என்னோடது."

"இன்னைக்கு பேட்டரி வண்டியிலயே இருக்கட்டும் மாமா. நாளைக்கு முடியற வரைக்கும் அதுமேல கை வெக்காதீங்க."

"எவனாவது தூக்கிட்டுப் போனா?"

"நான் வண்டியிலயே படுத்துக்கறேன். தூக்குறவன் என்னையும் சேர்த்துத் தூக்கட்டும்."

விடியும்போது பேட்டரியும் மச்சினனும் வைத்த இடத்தில் இருந்தார்கள். அரைநிமிஷத்தின் செருப்புதான் ஓரளவு தேய்ந்திருந்தது.

பேக்கரியில் ரொட்டி ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். மழை விட்ட பாடில்லை. முன் சீட்டில் மூன்று பேர் நெருங்கி உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் புதுவண்டிக்காரன், வெள்ளை வெளேரென்ற வண்டியில், ஊர்வலத்துக்கு வருகிறவன் போல மெதுவாக வந்தான். பாலம் நெருங்க நெருங்க அரைநிமிஷம் நிற்கக் கூடாது என்று முணுமுணுத்தார். மச்சினன் நிற்க வேண்டும் என்று முணுமுணுத்தான். வண்டி யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் இரண்டு தரம் உலுக்கிவிட்டு, பழைய இடத்திலேயே நின்றது. காக்கைகள் தயாராக இருந்தன.

"உருட்டாதீங்க மாமா. பிரேக்கைப் போட்டுட்டு ரெண்டு தடவை ஸ்டார்ட்டரை அடிங்க. அடிச்சுட்டுச் சாவியப் போட்டபடியே விடுங்க." மச்சினன் குதித்து இறங்கி பானெட்டைத் தூக்கினான். துளைகள் தேய்ந்து கொண்டை ஊசி நிற்க மறுத்தது; கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். அவன் கைமேல் மழை படாமல் அக்கா குடையைப் பிடித்தாள். அதனால் அவள்மேல் முழுவதும் பட்டது.

புதுவண்டிக்காரன் மழைக்கோட்டோடு வந்து ஜன்னலில் தட்டினான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நின்னா மாத்திடுன்னு சொல்லி அனுப்பியிருக்காரு."

"மாத்திக்க," என்று அரைநிமிஷம் கதவைத் திறந்தார். சும்மா உட்கார முடியாமல், தன் லைனைத் தானே தூக்கிக் கொடுக்கக் கிளம்பிவிட்டார். முதல் ட்ரேயைக் கையில் எடுத்துவிட்டார்கூட.

"மாமா, எங்க போறீங்க? விளக்கை யாரு பாக்கறது?" பானெட்டுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "நான் ஊசியப் புடிச்சிருக்கேன். அக்கா குடையப் புடிச்சிருக்கு. நீங்கதான் எண்ணணும்."

ஓடிவந்து ஏறினார். விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது.

"மூணு," என்றார்.

"மூணுன்னு ஒண்ணு கெடையாது மாமா. நடுவுல நிக்கும். அது நிக்கிறப்ப நீங்களும் நிக்கணும்."

மறுபடி பார்த்தார். ஒரு முறை சிமிட்டியது. நின்றது. அந்த இடைவெளியில் அவர் தலை தானாகப் பக்கக் கண்ணாடிக்குத் திரும்பியது. ஒரு ட்ரே போய்க்கொண்டிருந்தது. கால் தானாகக் கதவுக்குப் போனது. திரும்பிப் பார்ப்பதற்குள் விளக்கு எதையோ சொல்லி முடித்திருந்தது.

"என்ன மாமா?"

"மூணு மாதிரிதான் இருந்துச்சு."

இப்போது மனைவியின் குரல் வந்தது. சத்தம் போடவில்லை, மழைக்குள்ளும் தெளிவாகக் கேட்டது. "ஏங்க. அந்த நாற்காலியில உக்காரக் கூடாதுன்னா, இப்ப இந்த சீட்டுல உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்து இறுக்கினார். முழங்காலை முழங்காலால் அழுத்திக்கொண்டார். கண்ணாடியில் ட்ரேக்கள் ஒவ்வொன்றாகப் போயின; அவர் பார்க்கவில்லை, ஆனால் ரொட்டி வாசனை குறைவது மூக்குக்குத் தெரிந்தது. விளக்கு ஒரு முறை சிமிட்டியது. நின்றது. அந்த இடைவெளியில் மழை ஒரு தடவை விட்டு மறுபடி பிடித்தது. ஒரு காக்கை ரெக்கையை உதறி, கோதி முடித்து, பக்கத்துக் காக்கையோடு சண்டை போட்டுச் சமாதானமும் ஆனது. அவருக்கு அந்த இடைவெளியில் மட்டும் இரண்டு முடி நரைத்ததை மனைவி பிறகு விலக்கிக் காட்டினாள். விளக்கு சிமிட்டியது. இன்னொரு முறை சிமிட்டியது. அப்புறம் நீளமாக அடங்கியது.

"ஒண்ணு," என்றார் அவர். "அப்புறம் ரெண்டு."

"பன்னெண்டா? நல்லாப் பாத்தீங்களா?"

"இரு." உட்கார்ந்தபடியே, யாரும் சொல்லாமலே, இன்னொரு சுற்று பார்த்தார். "பன்னெண்டு. பன்னெண்டேதான்."

"அப்பாடா," என்றான் மச்சினன். "இஞ்சின் சுத்துதுங்கற சேதி வண்டியோட கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரல. சேதி வரலைன்னா இஞ்சினே சுத்தலைன்னு நெனச்சுக்கிட்டு அது பொறியை நிறுத்திடும்." பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கிற டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து கிளம்புகிற ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனான். விரல் நேராக பேட்டரி இருக்கிற மூலைக்குப் போய் நின்றது. அந்த இடத்தில் ஒயர் துணி காயப்போடுகிற கயிறு மாதிரி விறைத்திருந்தது. மேல்தோல் முழுசாகவே இருந்தது. இழுத்தபோது உள்ளே ஒன்றுமில்லாததுபோல நீண்டது. "உள்ள செம்பு அறுந்து போயிருக்கு. சமதரையில ரெண்டு முனையும் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஏத்தத்துல இஞ்சின் பின்னால சாயுதில்ல, அப்ப விலகிடுது."

அரைநிமிஷம் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். "யாருடா இதை இப்படி இழுத்தது?"

மச்சினன் ஒயரையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "மாமா, பேட்டரியக் கழட்டறப்ப எப்படித் தூக்குவீங்க? சும்மா செஞ்சு காட்டுங்க."

அவர் குனிந்து, இரண்டு கையையும் பேட்டரிக்கு இரு பக்கமும் கொடுத்து, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக் காட்டினார். வலது முழங்கை அழகாகப் போய் அந்த ஒயரில் மாட்டி, அதை மேலே தள்ளியது.

மூன்று பேரும் முழங்கையைப் பார்த்தார்கள்.

"தெனமுமா?" என்றான் மச்சினன்.

"தெனமும்தான்," என்றார் அவர், மெதுவாக.

"ரெண்டு தடவை," என்றாள் மனைவி. "கழட்டறப்ப ஒண்ணு, மாட்டறப்ப ஒண்ணு. நீ வர்ற அன்னைக்கு உன் மரியாதைக்கு இன்னும் ரெண்டு."

மச்சினன் ஒயரின் தோலைப் பல்லால் உரித்து, நடுவே ஒரு துண்டு ஒயரைச் சேர்த்து முறுக்கி, டேப் சுற்றினான். சாவியைத் திருப்பியதும் வண்டி அந்த ஏற்றத்திலேயே, மூக்கு வானத்தைப் பார்த்தபடி, உறுமிக்கொண்டு எழுந்தது. காக்கைகளுக்கு இது எதிர்பாராதது. இரண்டு கீழே விழுந்து பிறகுதான் பறந்தன.

புதுவண்டிக்காரன் கடைசி ட்ரேயை ஏந்திக்கொண்டு இரண்டு வண்டிக்கும் நடுவில் நின்றான். "அண்ணே, நின்னா மாத்துன்னாரு. மாத்தினப்புறம் ஓடினா என்ன பண்றதுன்னு அவரு சொல்லலையே."

"அரை நிமிஷம்," என்றார் அரைநிமிஷம்.

அவ்வளவு நேரம் உட்கார்ந்து சேர்த்துவைத்த நடை முழுவதும் ஒரே மூச்சில் வெளியே வந்தது. ட்ரேக்கள் திரும்பிவந்ததை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. மழைத்துளி ட்ரேமேல் விழுவதற்குள் ட்ரே உள்ளே போய்விட்டது என்று புதுவண்டிக்காரன் இன்றும் சொல்கிறான். ஒதுங்கி நின்றதாகவும், காற்றில் தன் மழைக்கோட்டு காய்ந்துவிட்டதாகவும் சொல்கிறான். அது கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் முதல் கடையில், ஷட்டர் பாதி ஏறிக்கொண்டிருந்தபோது வண்டி போய் நின்றது. இந்த முறை அவர் நிறுத்தி நின்றது. சூப்பர்வைசர் கடைக் கூரைக்கடியில் நின்றிருந்தார்.

"வழியில நின்னுச்சா?"

அரைநிமிஷம் வாயைத் திறப்பதற்குள் பின்னால் வந்த புதுவண்டிக்காரன் பதில் சொன்னான். "நின்னுச்சு சார். ஆனா எனக்கு முன்னாடி வந்துடுச்சு."

சூப்பர்வைசர் மூன்று பேரையும் பார்த்தார். ஒருத்தி சொட்டச் சொட்ட நனைந்து, முடி அவிழ்ந்து நின்றாள். ஒருவன் உதட்டில் ஒயர் துணுக்கு ஒட்டியிருந்தது. ட்ரேக்களைப் பார்த்தார். "பன்னு ஒண்ணு கொறையுதே."

"அது பாலத்துச் சுவத்துமேல உக்காந்திருந்தவங்களுக்குக் கொடுத்தது சார்," என்றார் அரைநிமிஷம்.

"பாலத்துக்கு ஏது ஆளு?" என்று முனகினார் அவர். பிறகு கடைக்குள் திரும்பிக்கொண்டே சொன்னார். "நாளைக்கும் நீயே ஏத்திடு. லேட் பண்ணாத."

வீட்டுக்கு வந்ததும் அரைநிமிஷம் பழக்கத்தில் பானெட்டைத் திறந்து இரண்டு கையையும் உள்ளே விட்டார். முழங்கை ஒயருக்கு ஒரு விரற்கடைமேல் வந்து நின்றது. கைகளை வெறுமையாக வெளியே எடுத்து, பானெட்டை மூடி, மேலே ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார்.

மனைவி ஈரத்தலையோடு சமையலறைத் தரையில் சுருண்டு படுத்திருந்தாள். குளிரில் தோள் நடுங்கியது. மூலையில் பலகை காலியாக இருந்தது. பக்கத்தில் கம்பளி கிடந்தது. அவர் அதை எடுத்து உதறினார். அவள்மேல் போர்த்தி, பேட்டரிக்குச் செய்வதுபோலவே நான்கு முனையையும் உள்ளே செருகிவிட்டார்.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"என்ன, எவனாவது திருட வர்றானா?"

அவர் பலகையை இழுத்துப்போட்டு அவள் தலைமாட்டில் உட்கார்ந்தார். முழங்கால் துடித்தது, கையால் அழுத்திக்கொண்டார். வெளியே வண்டியின்மேல் மழை பெய்கிற சத்தம் கேட்டது. பேட்டரி நனையுமோ என்று தோன்றியது. வாசலைப் பார்த்தார். கம்பளியைப் பார்த்தார்.

"போய்ப் பாத்துட்டு வாங்க," என்றாள் அவள், கம்பளிக்குள்ளிருந்து.

"அரை நிமிஷம்," என்றார் அவர். ஆனால் எழுந்திருக்கவில்லை.